கையிருப்பு: நானூறு கட்டி

விடிகாலை ஐந்தரைக்குத் தன் இரண்டு லாரிகளையும் ஐஸ் ஃபேக்டரி வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்த மீன் ஏலக்காரர், வந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

கூடத்தில் ஐஸ் இருந்தது. கட்டி ஐம்பது கிலோ, மொத்தம் நானூறு கட்டி. வரிசை பிடித்து அடுக்கி, மேலே ஈரச் சாக்குப் போர்த்தியிருந்தது. அதற்கு முன்னால் நாற்காலி போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, புது பெல்ட், மடியில் ஒரு ஃபைல்.

"என்ன முதலாளி, ஐஸுக்குக் காவலா?"

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பத்து மணி வரைக்கும் பொறுத்துக்கங்க. பேங்க்ல இருந்து எண்ணிப் பார்க்க வர்றாங்க."

"எண்ணட்டும். அதுவரைக்கும் என் மீன் பொறுத்துக்காதே. அது நாறும்."

"பத்து மணிதான். வந்துட்டுப் போயிருவாரு."

"பதினோரு வருஷமா வாங்கறேன் முதலாளி. ஐஸை வெச்சுக் கண்காட்சி நடத்தற ஃபேக்டரியை இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு ஏலக்காரர் லாரியில் ஏறினார். லாரிகள் இரண்டும் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பின. அந்தப் பக்கம் இருபது மைலில் இன்னொரு ஐஸ் ஃபேக்டரி இருக்கிறது.

இன்ஜின் ரூம் கதவில் சாய்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சின்னவள், கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். போன வாரத்திலிருந்தே அவள் அண்ணனோடு பேச்சைக் குறைத்திருந்தாள்.

எல்லாம் போன வாரம் பேங்க் அனுப்பிய கடிதத்தால் வந்த வினை. அப்பா போன பிறகு ஃபேக்டரி அண்ணனுக்கும் தங்கைக்கும் சரிபாதியாக வந்தது. அண்ணன் ஆபீஸ் அறையை எடுத்துக்கொண்டார். தங்கை இன்ஜின் ரூமை எடுத்துக்கொண்டாள். அண்ணி டெலிபோனை எடுத்துக்கொண்டாள். அதை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. மூன்று பேரும் ஓட்டிய வண்டிக்கு எண்ணெய், பேங்க் கொடுத்திருந்த லிமிட். கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட தொகை வரை எடுத்துக்கொள்ளலாம், வந்ததும் போட்டுவிடலாம். அந்த லிமிட் இன்று வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, அதிகாரி நேரில் வந்து கையிருப்பைப் பார்த்தால்தான் புதுப்பிக்கப்படும் என்று கடிதம் சொன்னது. மின்சாரக் கட்டணத்துக்குத் திங்கட்கிழமை கடைசி நாள். கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். வெயில் காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

ஐஸ் ஃபேக்டரிக்கு மூலப்பொருள் என்ன என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் தண்ணீர் என்பார்கள். தண்ணீர் கிணற்றில் கிடக்கிறது. மூலப்பொருள் மின்சாரம். அது கம்ப்ரஸரைச் சுழற்றுகிறது. கம்ப்ரஸர் அமோனியாவை அமுக்கி அனுப்புகிறது. அமுங்கிய அமோனியா குழாய்ச் சுருளுக்குள் விரியும்போது, சுற்றியிருக்கும் உப்புத்தண்ணீரிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. உப்புச் சேர்ந்த தண்ணீர் சுலபத்தில் உறையாது. உறைநிலைக்குக் கீழே போயும் தண்ணீராகவே ஓடும். அதில் நானூறு தகர டின்கள் கழுத்து வரை முங்கியிருக்கும். டின்னுக்குள் நல்ல தண்ணீர், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உறையும். நடுவில் ஒரு மெல்லிய குழாய் காற்றுக் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். குமிழி நின்றால் ஐஸ் பால்போல வெளுத்துவிடும்.

இருபது மணி நேரம். அதற்குப் பிறகு விடிகாலை நாலு மணிக்கு டின்களை வரிசை வரிசையாகத் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கிச் சாய்த்தால், கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஏழு மணிக்குக் கடைசிக் கட்டி லாரி ஏறிவிடும். எட்டு மணிக்குக் கூடத்தில் மிஞ்சுவது ஈரத் தரை.

ஆனால் பேங்க்கின் மாதாந்தரப் படிவம் கேட்பது கையிருப்பு. நாலு வருஷத்துக்கு முன்பு வந்த முதல் அதிகாரியிடம் அண்ணன் இதைச் சொல்லத்தான் பார்த்தார். "அந்தக் கட்டத்தைக் காலியா விடக் கூடாது சார். தொட்டியில எத்தனை டின்? நானூறா? நானூறுன்னு போட்டுருங்க" என்றார் அவர். அன்றிலிருந்து மாதம் தவறாமல், முத்து முத்தான கையெழுத்தில், 'கையிருப்பு: நானூறு கட்டி'.

அந்த முதலாமவருக்குப் பிறகு வந்தவர்களை அண்ணி அரச பரம்பரைபோல எண்ணிக்கொண்டு வந்தாள். இரண்டாமவர் இன்ஷூரன்ஸ் விற்றுவிட்டுப் போனார். மூன்றாமவர் இதை ஐஸ்க்ரீம் ஃபேக்டரி என்று நினைத்துக் குழந்தைகளுக்கு இரண்டு டப்பா கேட்டார். நாலாமவர் ஒன்றரை மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஐந்தும் ஆறும் போனில் மட்டும் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அண்ணன் முதலிலிருந்து கதை சொன்னார். ஒவ்வொருவரும் புதிதாகக் கேட்டுக்கொண்டார்கள். இன்று வரப்போகிறவர் ஏழாமவர்.

பத்து மணிக்கு ஏழாமவர் வரவில்லை.

பதினொன்றுக்கு அண்ணன் போன் செய்தார். மரியாதைக்காக நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பேசினார்.

"வந்துட்டே இருக்காராம்" என்றார்.

"எந்த ஊர்ல இருந்து, நடந்தா?" என்றாள் அண்ணி.

சாக்குக்கு அடியிலிருந்து தண்ணீர் ஒரு கோடாகக் கிளம்பி வாய்க்காலை நோக்கிப் போனது. பன்னிரண்டுக்குள் அந்தக் கோடு ஓடையானது. அண்ணன் மரத்தூள் மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து கட்டிகளின் மேல் கொட்டினார். மரத்தூள் வெளிச்சூட்டை உள்ளே விடாது. அது நல்ல யோசனைதான். ஆனால் விடிகாலையில் செய்திருக்க வேண்டும்.

"அண்ணா, போதும். இருக்கறதையாவது வித்துருவோம்" என்றாள் சின்னவள்.

"வித்துட்டு அவருக்கு எதைக் காட்டறது? உன் மூஞ்சியையா?"

"என் மூஞ்சி உருகாதே."

"உனக்கு விளையாட்டு. திங்கட்கிழமை கரண்ட்டைப் பிடுங்கிட்டா உன் கம்ப்ரஸரைக் கட்டிக்கிட்டு அழுவியா?"

"நாலு வருஷமா இல்லாத சரக்கை எழுதினே. இன்னிக்கு அந்த எழுத்துக்காக நிஜச் சரக்கை உருக்கறே. பேங்க்குக்குப் பயந்து தொழிலைக் கெடுத்துக்கிட்டது ஊர்லயே நாம ஒரு குடும்பம்தான் இருக்கும்."

 அண்ணன் குனிந்து ஒரு சாக்கை நனைத்துப் பிழிந்தார். சட்டையின் இஸ்திரி கலைந்து போயிருந்தது. சின்னவளுக்கு இரக்கம் வந்தது. அது வந்ததே அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

இதற்கிடையில் அண்ணி ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு யாருடனோ பேசினாள். வெளியே வந்தவள் சின்னவள் காதில் மட்டும் சொன்னாள்.

"பாலம் கட்டற கான்ட்ராக்டர். நாலு மணிக்கு வண்டி அனுப்பறாரு. எடைக்குத்தான் வாங்குவாராம், பாதி விலை."

"அவருக்கு எதுக்கு ஐஸ்?"

"கான்கிரீட்ல கலக்க."

சின்னவளுக்குச் சட்டென்று புரிந்தது. கான்கிரீட் இறுகும்போது தானாகவே சூடாகும். தளம் பெரிதாக இருந்து வெயிலும் சேர்ந்தால் சூடு தாங்காமல் விரிசல் விடும். அதனால் ஊற்றும் தண்ணீரில் ஒரு பங்குக்குப் பதிலாக நொறுக்கின ஐஸைப் போடுவார்கள். அதற்குக் கட்டி சதுரமாக இருக்க வேண்டியதில்லை.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"உங்க அண்ணனுக்கு இன்னிக்கு காது பேங்க் பக்கம் இருக்கு. நாலு மணிக்கு அவருக்கே தெரியும்."

ஏழாமவர் வந்தபோது மணி மூன்று ஐம்பது. நாற்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், பளபளப்பான ஷூ. தண்ணீரைப் பார்த்ததும் ஷூவைக் காப்பாற்றிக்கொண்டு ஓரமாக நடந்து, தொட்டியை மூடியிருந்த மரப்பலகைகளின் மேல் ஏறி நின்றார்.

"சாரி சார், ஒரு மீட்டிங். இதுதான் ஸ்டாக்கா?"

"ஆமா சார். நானூறு. நீங்களே எண்ணிப் பார்க்கலாம்" என்று அண்ணன் சாக்கை விலக்கினார்.

கட்டிகள் விளிம்பு மழுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, சோப்புத் துண்டுகள்போல இருந்தன. ஏழாமவர் அறுபது வரை எண்ணி, விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து நானூறு வரை எண்ணினார். பிறகு, "ஒண்ணை எடை போடுங்க" என்றார்.

நாற்பத்தொன்று காட்டியது.

"உங்க ஸ்டேட்மென்ட்ல ஐம்பதுன்னு இருக்கே."

"காலையில ஐம்பது சார். நீங்க பத்து மணிக்கு..."

"ஸ்டாக்குன்னா எப்ப வந்தாலும் இருக்கணும் சார்." டேப்லெட்டில் விரலால் தட்டினார். "எடைப்படி பார்த்தா இது முன்னூத்தி இருபத்தெட்டு கட்டிக்குச் சமம். குறைவுன்னு போடணும். சரி, செய்முறையில இருக்கற சரக்கு எங்க?"

"நீங்க அது மேலதான் நிக்கறீங்க" என்றாள் சின்னவள்.

ஏழாமவர் காலடியைப் பார்த்தார். சின்னவள் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினாள். டின்னுக்குள் ஓரங்களில் கண்ணாடிபோல ஐஸ், நடுவில் குமிழி கொதிக்கும் தண்ணீர்.

"இது தண்ணியாச்சே."

"நாளைக்கு விடிகாலை ஐஸ்."

"தண்ணிக்கு மதிப்புப் போட முடியாது மேடம்" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போனார். "இந்த ஸ்டாக்குல தொண்ணூறு நாளுக்கு மேல தேங்கின சரக்கு எவ்வளவு?"



"தொண்ணூறு நாளா?" என்றார் அண்ணன், மெதுவாக.

"ஆமா சார். கட்டாயக் கேள்வி. அதை நிரப்பாம அடுத்த பக்கம் திறக்காது."

அண்ணன் விடிகாலை நாலு மணியிலிருந்து தான் காத்த ஐஸைப் பார்த்தார். பிறகு அந்த மனிதரைப் பார்த்தார். நாலு வருஷமாக பேங்க் நாற்காலிக்காரர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்பியிருந்தவர் அவர்.

"சார், பன்னிரண்டு மணி நேரத்துல இது ஒன்பது கிலோ போயிருக்கு. உங்க கண்ணு முன்னாடிதான் எடை போட்டோம். தொண்ணூறு நாள் தேங்கினா இங்க கட்டி இருக்காது சார், கிணறு ரொம்பும்."

அண்ணி சிரிப்பை அடக்கப் பக்கத்தில் இருந்த சாக்கை உதறினாள்.

அப்போது வாசலில் கான்ட்ராக்டரின் லாரி பின்பக்கமாக வந்து நின்றது. ஏற்றுகூலி ஆட்கள் கொக்கியோடு இறங்கினார்கள்.

"ஏத்துங்கப்பா" என்றாள் அண்ணி.

"மேடம், இன்ஸ்பெக்‌ஷன் முடியாம சரக்கு வெளிய போகக் கூடாது" என்றார் ஏழாமவர்.

"காலையில இருந்து வாய்க்கால் வழியா வெளியதான் போயிட்டிருக்கு. அதை முதல்ல நிறுத்துங்க. அப்புறம் நான் லாரியை நிறுத்தறேன்."

அண்ணன் மனைவியைத் தடுப்பார் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். அவர் நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்து ஆட்களுக்கு வழி விட்டார்.

ஏழாமவர் குரலைத் தணித்துக்கொண்டார். "பாருங்க சார், நான் உங்களுக்கு எதிரி இல்ல. முன்னூத்தி இருபத்தெட்டுன்னு போட்டு, பாக்கிக்கு 'போக்குவரத்துச் சேதம்'னு ஒரு வரி எழுதிடுவோம். நீங்க ரெண்டு பார்ட்னரும் கையெழுத்துப் போட்டா சாயங்காலத்துக்குள்ள ரினியூவல் ஆயிடும்."

"போக்குவரத்தே நடக்கலையே" என்றாள் சின்னவள்.

"ஒரு பேச்சுக்கு மேடம்."

"நாங்க பேச்சுக்கு எழுதி எழுதித்தான் இங்க வந்து நிக்கறோம். இந்த நேரத்துல இந்தக் கூடத்துல ஐஸ் இருக்கறது ஃபேக்டரி திறந்த நாள்ல இருந்து இதுதான் முதல் தடவை."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். ஏழாமவரின் விரல் டேப்லெட்டின் மேலேயே நின்றது.

"அப்ப மாசா மாசம் எழுதினது?"

"உங்க முதல் ஆள் கத்துக் கொடுத்தது."

"அது எழுத்துல இருக்கா?"

"உங்களுக்கு எல்லாமே எழுத்துல இருக்கணும். எழுத்து மட்டும் நிஜமா இருக்கணும்னு அவசியமில்ல, அப்படித்தானே? நாங்க உங்ககிட்ட என்ன எதிர்பார்க்கறோம்னு இத்தனை பேர்ல ஒருத்தர்கூடக் கேட்டதில்ல. சும்மா கேக்கல சார், வட்டி கட்டறோம். வெயில் காலத்துல கரண்ட் பில் ரெட்டிப்பாகும், அப்ப லிமிட் வேணும். மழைக்காலத்துல வியாபாரம் படுத்துக்கும், அப்ப எங்களுக்கு லிமிட்டே வேண்டாம். நீங்க என்ன பண்றீங்க? மழையில போன் போட்டு இன்னும் கொஞ்சம் எடுத்துக்கங்கன்னு கெஞ்சறீங்க. வெயில் வந்தா தொண்ணூறு நாள் ஐஸ் எங்கன்னு தேடறீங்க. எங்க கரண்ட் மீட்டரைப் பாருங்க. எத்தனை யூனிட் ஓடிச்சோ அத்தனை ஐஸ். அதைப் பொய் சொல்ல வைக்க முடியாது. அதைப் பார்த்துட்டு கொடுக்க முடியும்னா கொடுங்க. முடியாதுன்னா ஒரு வாரத்துல முடியாதுன்னு சொல்லுங்க, வேற வழி பார்த்துக்கறோம். இவ்வளவுதான் கேக்கறோம்."

"மேடம் சொல்றது நியாயம்தான். ஆனா ஃபார்ம்ல மீட்டருக்குக் கட்டம் இல்லையே."

நீதி நியாயமெல்லாம் கட்டம் போட்டுத்தான் வரும் என்று நம்புகிறவரிடம் மேலே என்ன பேசுவது? 

ஏழாமவர் காகிதப் படிவம் ஒன்றை எடுத்து ஆபீஸ் மேஜையில் வைத்தார். "நான் சொன்ன மாதிரி எழுதினா இன்னிக்கே முடியும். உண்மையை எழுதினா தலைமை ஆபீஸுக்குப் போகும். திங்கட்கிழமைக்குள்ள வராது. நாலு வருஷத்துக் கணக்கையும் கிளறுவாங்க. முடிவு உங்களோடது."

அண்ணன் பேனாவை எடுத்தார். சின்னவள் அவர் பக்கத்தில் போய் நின்றாள். திங்கட்கிழமை இணைப்பு போனால் தொட்டியின் உப்புத்தண்ணீர் இரண்டே நாளில் வெயில் சூட்டுக்கு வந்துவிடும். மறுபடி குளிரவைக்க மூன்று நாள் பிடிக்கும். அதற்குள் ஏலக்காரரைப்போல எல்லாரும் நெடுஞ்சாலைப் பக்கம் போய்விடுவார்கள். இது அண்ணனுக்கும் தெரியும். பொய்யை எழுதினால் தான் கையெழுத்துப் போடப் போவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். ஆனால் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அது அவர் முடிவாக இருக்காது.

அண்ணன் எழுதினார். அதே முத்து முத்தான கையெழுத்து.

'கையிருப்பு: இல்லை. விடிகாலை நாலு மணிக்கு வந்து பார்த்தால் இருக்கும்.'

கீழே கையெழுத்துப் போட்டார். பேனாவைத் தங்கையிடம் நீட்டினார். அவள் போட்ட கையெழுத்தில் கிரீஸ் விரல் ஒன்றும் பதிந்தது. அண்ணி படிவத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

"விடிகாலை நாலு மணிக்கு எங்க ஆபீஸ் திறந்திருக்காதே" என்றார் ஏழாமவர், உண்மையாகவே குழம்பி.

"எங்க ஆபீஸ் திறந்திருக்கும்" என்றாள் அண்ணி.

அவர் படிவத்தை ஃபைலில் வைத்துக்கொண்டு கிளம்பினார். பேங்க்காரர்களில் யார் வந்தாலும் அண்ணன் கார் வரை போய்க் கதவு திறந்துவிடுவது வழக்கம். இன்று படியிலேயே நின்றார்.

கார் கிளம்பியது. பத்தடி போய் நின்றது. கண்ணாடி இறங்கியது. ஏழாமவர் யாரையும் நேராகப் பார்க்காமல் பேசினார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? போன மாசத்துக்கும் இந்த மாசத்துக்கும் நடுவுல பாதிச் சரக்கு எப்படிக் குறைஞ்சது? அதைப் பார்த்துட்டு வரச் சொல்லித்தான் என்னை அனுப்பினாங்க."

"குறையலையே சார். எப்பவும் நானூறுதான் எழுதுவேன்."

"இந்த மாசம் ஃபார்ம் எங்க ஆபீஸ்ல வேற யார் கையும் படாம நேரா என்கிட்ட வந்துச்சு. அதுல நானூறுதான். ஆனா பழைய ஃபைல்ல இருக்கற எல்லா மாசத்துலயும் எண்ணூறுன்னு இருக்கு. கீழ உங்க கையெழுத்து."

"எங்க தொட்டியில இருக்கறதே நானூறு டின்தான்" என்றார் அண்ணன்.

"எண்ணிப் பார்த்தேன்" என்றார் ஏழாமவர். கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

லாரியில் கடைசிக் கட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் படியில் உட்கார்ந்தார். எட்டு என்று தான் எப்போதாவது எழுதினோமா என்று யோசிப்பவர்போல, வலது கையின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரக்குக்குத் தகுந்த மாதிரிதானே அண்ணா கடன் கொடுப்பாங்க?" என்றாள் சின்னவள்.

"ஆமா."

"நானூறு கட்டிக்கு உண்டானதை நாம வாங்கினோம்."

"ஆமா."

"மிச்ச நானூறுக்கு நம்ம பேர்ல வாங்கினது யாரு?"